இருபத்து நான்காவது விரிப்பு

அத்தியாயம் 3

"அக்கா, வைர மூக்குத்தி எவ்ளோ பெருசு இருக்கும்?" ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே ஹப்சா கேட்டாள்.

"கொத்தமல்லி விதையில பாதி."

"அதத் தேடறதுக்கு வில்லியனூர்லேந்து மணப்பட்டுக்கு ரெண்டு பேரு. பெட்ரோல் காசு அந்த விடுதிக்காரரு குடுக்குறாரா? அப்ப மொதல்ல அவரத்தான் விசாரிக்கணும். நல்ல மனுஷன் யாரும் இப்படிச் செய்ய மாட்டான்."

பின்னால் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி சிரித்தாள். வைகாசி வெயில் தார்ச்சாலையில் தண்ணீர் போல மினுங்கிக்கொண்டிருந்தது. ஹப்சாவின் அப்பா அப்துல் சமது வில்லியனூரில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேல்மாடியில்தான் அம்சவள்ளியின் துப்பறியும் அலுவலகம்; ஹப்சா அங்கே உதவியாளர். பதினொரு வருடமாக அங்கே வருவதெல்லாம் கல்யாண விசாரணைகள். பையன் குடிப்பானா, பெண்ணுக்கு முன்னால் ஏதாவது உண்டா, அந்த வீட்டு மாமியார் எப்படி. அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறந்து பார்ப்பதில் அவள் கெட்டிக்காரி. திறந்த பிறகு மூட முடியாமல் போன கதவுகள்தான் சில நாட்களில் அவளைத் தூங்கவிடாது.

மூக்குத்தி ஒரு மாறுதல். பொருள் தொலைந்தது, தேட வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

கடற்கரையை ஒட்டிய விருந்தினர் விடுதி அது. வரிசையாக எட்டு அறைகள். முன்பக்கம் தாழ்வாரம், பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் கடலைப் பார்த்து ஒரு சின்னக் கதவு. அதற்கு அப்பால் சவுக்கு, மணல், கடல். எட்டு அறைகளையும் திண்டிவனத்து மாப்பிள்ளை வீட்டார் எடுத்திருந்தார்கள். நாளைக் காலை பாகூரில் கல்யாணம். இன்று மாலை வரவேற்பு. நான்கு மணிக்கு எல்லாரும் கிளம்ப வேண்டும்.

விடுதிக்காரர் கலைச்செல்வன் கேட்டிலேயே காத்திருந்தார். நாற்பது வயது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மேடம், போலீஸ் வேணாம்னு கெஞ்சி கெஞ்சி வாய் வலிக்குது. வாசல்ல போலீஸ் வண்டி நிக்கிற போட்டோவ எவனாவது நெட்ல போட்டான்னு வெச்சிக்கங்க, அப்புறம் எட்டு ரூமுலயும் நானேதான் மாத்தி மாத்தி தூங்கணும்."

"யாரு போலீஸ்னு சொல்றது?"

"நான்தான்!" தாழ்வாரத்திலிருந்து குரல் வந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு, நல்ல ஆகிருதி. மாப்பிள்ளையின் தாய்மாமன் புகழேந்தி. "எங்க அக்கா மூக்குத்தி அது. காலையில ஏழு மணிக்கு எழுந்து மூஞ்சி கழுவறாங்க, மூக்குல இல்ல. ஏழேகாலுக்கு இந்தப் பொண்ணு சுகன்யா வந்து பெட்ஷீட்ட உருவிகிட்டுப் போச்சு. இதுல விசாரிக்க இன்னா இருக்கு?"

"ராத்திரி மூக்குத்தியோடதான் படுத்தாங்களா?"

"பின்ன?"

"நீங்க பாத்தீங்களா?"

"அக்கா மூக்க நான் எதுக்குங்க பாக்குறேன்?"

"அதுவும் சரிதான்," என்றாள் ஹப்சா பணிவாக.

புகழேந்தி அவளை முறைத்துவிட்டு அம்சவள்ளி பக்கம் திரும்பினார். "எப்படிப்பட்ட குடும்பம்னு உங்களுக்குத் தெரியாது. பையனுக்குப் பொண்ணு அமையலன்னு மூணு வருஷத்துக்கு முன்னால அக்கா அம்மனுக்கு வேண்டிகிட்டாங்க. அவன் தாலி கட்டுற வரைக்கும் கவுச்சி தொடமாட்டேன்னு. அக்கா விரதம் இருக்க, தம்பி நான் திங்கலாமா? நானும் கூடவே இருக்கேன். அந்தக் குடும்பத்துல கைவெச்சிட்டா. நாலு மணிக்குள்ள மூக்குத்தி வரணும். வரலன்னா நான் போன் போட்டுருவேன், இவரும் அந்தப் பொண்ண வேலைய வுட்டு அனுப்பிடணும்."

கலைச்செல்வன் தரையைப் பார்த்தார்.

"மூணு வருஷமா?" துவைக்கும் கொட்டகைக்கு நடந்துபோகையில் ஹப்சா கிசுகிசுத்தாள். "ரமலான்ல நான் அஞ்சு மணிலேந்தே கடிகாரத்த முறைச்சிகிட்டு இருப்பேன்கா."

*

சுகன்யாவுக்கு இருபத்தேழு வயது இருக்கும். மணப்பட்டு மீனவர் தெருப் பெண். அழுத முகத்தை எதிர்பார்த்துப் போன அம்சவள்ளி, கொட்டகையில் மடித்த விரிப்புகளைத் தட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தவளைக் கண்டாள். எட்டு வெள்ளை விரிப்புகள், ஒரே அளவாக, மூன்றாக மடித்து அடுக்கியிருந்தன.

"காலையிலேந்து திட்டிகிட்டே இருக்காங்க," கலைச்செல்வன் முணுமுணுத்தார். "அது பாட்டுக்கு துவைச்சிகிட்டே இருக்கு."

"துவைக்காம வுட்டா ஊறின துணி நாறிடும் சார்," என்றாள் சுகன்யா. பிறகு அம்சவள்ளியிடம், "மேடம், போலீஸ் வண்டி எங்க தெருவுல வந்து நின்னா போதும். அப்புறம் மூக்குத்தி கெடைச்சாலும் என் பேரு கெடைக்காது."

அவள் குரல் அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும்தான் நடுங்கியது.

"நீ எப்படித் துவைப்பன்னு சொல்லு," என்றாள் அம்சவள்ளி.

சுகன்யா ஆச்சரியத்தோடு பார்த்தாள். யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

"மொதல்ல உதறுவேன். இந்த சிமெண்ட் தரையில, ஒவ்வொண்ணா, நாலு மூலையும் புடிச்சி. மண்ணு, முடி, ஹேர்பின் எல்லாம் இங்கதான் விழும். போன மாசம் ஒரு கம்மல் திருகு விழுந்துச்சு. கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி காதுல கேட்டேன். குடுத்துட்டேன். திருகே சத்தம் போடுது, மூக்குத்தி போடாதா?"

"அப்புறம்?"

"பச்சத் தண்ணில ஊற வெப்பேன். சுடுதண்ணி ஊத்தினா கறை துணியக் கெட்டியா புடிச்சிக்கும். மெஷின்ல நாலு நாலாதான் போடணும். எட்டையும் திணிச்சா ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கும், நடுவுல மாட்டினது அழுக்காவே வெளிய வரும். பவுடர் கம்மியா. நெறய போட்டா நெறய வெளுக்கும்னு நெனைக்கிறாங்க, அது அலசினாலும் போகாது, துணி மொறமொறன்னு ஆயிடும். ரெண்டு தபா அலசிட்டு ரெண்டு கயித்துல போடுவேன். ஒரு ஓரம் இதுல, இன்னொரு ஓரம் அதுல. நடுவுல தூளி மாதிரி தொங்கும். காத்து உள்ள பூந்து வெளிய போவும்."

பேசப் பேச அவள் கைகள் காற்றில் துணியைப் பிடித்தன, விரித்தன. தன் வேலையைச் சொல்லும்போது மனிதர்கள் பொய் சொல்வது அபூர்வம் என்பது அம்சவள்ளியின் அனுபவம். பொய் சொல்கிறவர்கள் சுருக்கிச் சொல்வார்கள்.

"காஞ்சிடுச்சான்னு எப்படித் தெரியும்?"

"ஓரத்துத் தையல கன்னத்துல வெச்சிப் பாப்பேன். நடுத்துணி சீக்கிரம் காஞ்சி ஏமாத்தும். தையல் காஞ்சாதான் காஞ்சது. ஆனா எப்படியும் பன்னண்டு மணிக்குள்ள எடுத்துடணும் மேடம். காலையில மேல்காத்து, அது சுத்தமானது. பன்னண்டுக்கு கடல்காத்து திரும்பிடும், துணில உப்பு ஏறிடும். பகல்ல தெரியாது. ராத்திரி படுத்தா நசநசன்னு ஒட்டும், ஈரத்துல படுத்த மாதிரி. எத்தினி தபா அலசியும் வேஸ்ட்டு."

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தா இப்பவே உங்கள பொண்ணு கேட்டுருப்பேன்," என்றாள் ஹப்சா.

முதல்முறையாக சுகன்யா சிரித்தாள்.

அம்சவள்ளி மேலே இருந்த விரிப்பின் மூலையைப் புரட்டினாள். பச்சை நூலில் ஒரு சின்னத் தையல். அடுத்ததில் மஞ்சள்.

"இது இன்னா?"

"ரூமுக்கு ஒரு கலர் மேடம். ஒரு ரூமோடது இன்னொரு ரூமுக்குப் போகக் கூடாதுன்னு நான்தான் போட்டேன். எட்டு ரூமு, ரூமுக்கு மூணு. மொத்தம் இருபத்து நாலு."

எட்டு மூலைகளையும் அம்சவள்ளி புரட்டிப் பார்த்தாள். பிறகு மறுபடி பார்த்தாள்.

"மூக்குத்தி தொலைச்ச அம்மாவோட நாலாம் நம்பர் ரூமுக்கு இன்னா கலர்?"

சுகன்யா விரிப்பு அடுக்கை மறுபடி தட்டிச் சீராக்கினாள். "நீலம்."

"இதுல நீலமே இல்ல. பச்சை ரெண்டு இருக்கு. பச்சை எந்த ரூமு?"

"எட்டு... மாறியிருக்கும் மேடம்."

நூலால் அடையாளம் தைத்து வைக்கிற ஒருத்திக்கு எதுவும் மாறாது. அம்சவள்ளி தாழ்வாரத்து அலமாரியைத் திறக்கச் சொன்னாள். மாற்று விரிப்புகள் அறை எண் வரிசையில் அடுக்கியிருந்தன, ஒன்றாம் அறையுடையது அடியில், எட்டாம் அறையுடையது மேலே. மேலே இருக்க வேண்டிய பச்சை அங்கே இல்லை. அலமாரியில் ஏழு, கட்டில்களில் எட்டு, மடித்து வைத்தது எட்டு.

"இருபத்து மூணு," என்றார் கலைச்செல்வன். "ஒரு பெட்ஷீட்டும் காணோமா? ஐயோ, சுகன்யா!"

"கொத்தமல்லி விதையில பாதி. அத மூட்டை கட்டறதுக்கு டபுள் காட் பெட்ஷீட்டா?" என்றாள் ஹப்சா. "பெரிய ஏற்பாடா இருக்கே சார்."

அம்சவள்ளி யோசித்தாள். நாலாம் அறைக் கட்டிலிலிருந்து இன்று காலை உருவியது எட்டாம் அறையின் பச்சை விரிப்பு. அப்படியென்றால் யாரோ நேற்றே அலமாரியின் மேலிருந்து ஒன்றை உருவி அந்தக் கட்டிலில் போட்டிருக்கிறார்கள். நாலாம் அறையின் சொந்த விரிப்பு, நீல நூல் தைத்தது, எங்கோ போய்விட்டது. இது சுகன்யாவுக்குக் காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அப்போது சவுக்குகள் இரைந்தன. அதுவரை மேற்கிலிருந்து வந்த காற்று நின்று, கிழக்கிலிருந்து ஒன்று புறப்பட்டு வந்து எல்லார் முகத்திலும் மெல்ல ஒட்டியது. மணி பன்னிரண்டு பத்து.

சுகன்யா கடல் பக்கம் பார்த்தாள். கலைச்செல்வன் ஏதோ கேட்டார், பதில் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தாள். மூன்றாம் முறை அவள் பார்வை சவுக்குக்கு அப்பால் போய் நின்று, அவசரமாகத் திரும்பியது.

அம்சவள்ளிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் மெல்லக் கிளம்பியது. துப்பு கிடைக்கும்போது வருமே, அந்தப் பழைய வெட்கங்கெட்ட சந்தோஷம். துணி எல்லாம் மடித்து உள்ளே வந்துவிட்டது. அப்புறமும் காற்றைப் பார்த்துப் பதறுகிறாள் என்றால், அவளுடைய துணி ஒன்று இன்னும் வெளியே கிடக்கிறது.

"ஹப்சா, வா. கடலைப் பாத்துட்டு வரலாம்."

*

சவுக்குத் தோப்பைத் தாண்டி, மணல் தொடங்கும் இடத்தில் அடப்பங்கொடி பச்சைப் பாயாகப் படர்ந்திருந்தது. அதன்மேல் நான்கு மூலையிலும் கல் வைத்து, வெயிலைப் பார்த்து அகல விரிந்து கிடந்தது இருபத்து நான்காவது விரிப்பு. மூலையில் நீல நூல். நடுவே கை அகலத்துக்கு ஒரு மங்கிய சிவப்பு.

"ரத்தமா?" ஹப்சாவின் குரலில் விளையாட்டு போய்விட்டது.

அம்சவள்ளி மண்டியிட்டு முகர்ந்தாள். சந்தன சோப்பு. அதற்கு அடியில் வேறொன்று. இஞ்சி, பூண்டு, சோம்பு. அதற்கும் அடியில், எத்தனை சோப்பு போட்டாலும் போகாத ஒன்று.

"நீயும் மோந்து பாரு."

ஹப்சா குனிந்தாள். நிமிர்ந்தபோது கண்கள் விரிந்திருந்தன. "வஞ்சிரம்! சுடச் சுட பொரிச்சது! அக்கா, எனக்குப் பசிக்குது."

"மேடம்!" மணலில் கால் புதைய ஓடிவந்தாள் சுகன்யா. விரிப்பைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், நின்றுவிட்டாள்.

"இத எங்கேந்து எடுத்த?"

சுகன்யா குனிந்து மூலைக் கல் ஒன்றைச் சரிசெய்தாள்.

"நாலாம் நம்பர் பாத்ரூம்லயா?"

சுகன்யா மணலைக் காலால் சீய்த்தாள். "எட்டு மணிக்கு ரூம் பெருக்கப் போனேன். பாத்ரூம்ல பக்கெட்ட கவுத்து வெச்சிருந்தாங்க. உள்ள ஈரமா சுருட்டி இருந்துச்சு. மஞ்சக் கறைக்கு வெயிலத் தவிர மருந்து கெடையாது. கயித்துல போட்டா எல்லாரும் பாப்பாங்கன்னு இங்க போட்டேன்."

"பாத்ரூம் கழுவினியா?"

"இல்ல. அதுக்குள்ள அந்த ஐயா சத்தம் போட ஆரம்பிச்சிட்டாரு."

"இத நீ காலையிலயே சொல்லியிருக்கலாமேடி," என்றாள் ஹப்சா. "உன்ன திருடின்னு சொல்றாங்க, நீ அவங்க பெட்ஷீட்டுக்கு வெயில் காட்டிகிட்டு இருக்க!"

"மூக்குத்தி பத்தி எனக்கு நெஜமா தெரியாது. இது வேற. பெட்ஷீட்ல தெரியறத எல்லாம் வெளிய பேச ஆரம்பிச்சா, ரூம்ல யாரும் நிம்மதியா தூங்க முடியாதுங்க." சுகன்யா நிறுத்தினாள். பிறகு தாழ்ந்த குரலில், "கோவம் இல்லன்னு சொல்லல. அந்த ரூமு அம்மா தாழ்வாரத்துல உக்காந்து பாத்துகிட்டுதான் இருந்தாங்க, ஒரு வார்த்தை சொல்லல. ஆனா அத அவங்கதான் சொல்லணும். நான் சொன்னா, தப்பிக்கிறதுக்கு சொன்ன மாதிரி ஆயிடும்."

அம்சவள்ளி அவளைப் பார்த்தபடி இருந்தாள். பதினொரு வருடமாகத் தான் செய்யும் வேலையின் மறுபக்கம் எதிரே ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தது. தெரிந்துகொள்வது ஒரு திறமை. தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அதைவிடப் பெரிய திறமை என்று அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

"ஹப்சா, இந்த மசாலா எந்தக் கடைன்னு கண்டுபிடி. இங்க மீன் பொரிக்கிற கடை எத்தினி இருக்கும்?"

"ரெண்டு, மூணு. எல்லாத்துலயும் ருசி பாத்துதான் ஆகணும். கடமை." ஹப்சா ஸ்கூட்டரை நோக்கி ஓடினாள்.

*

நாலாம் அறையில் இளவரசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. நாளைக்கு மாமியாராகப் போகிறவர். கையில் மருதாணி சிவந்திருந்தது. மூக்கில் வெறும் துளை.

"இன்னாம்மா, கெடைச்சுதா?"

"பாத்ரூம ஒரு தபா பாத்துக்கட்டுமா?"

இளவரசியின் கை புடவை முந்தானையை இறுகப் பிடித்தது. அம்சவள்ளி கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. உள்ளே போய்ப் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் போகும் ஜல்லடை மூடியைக் கொண்டை ஊசியால் நெம்பித் தூக்கினாள். முடிக் கற்றை, சோப்பு நுரை காய்ந்த பொருக்கு. விரலால் கிளறினாள். சின்னதாக ஏதோ வெளிச்சத்தைப் பிடித்து எறிந்தது.

உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தபோது, இளவரசி எழுந்து நின்றிருந்தார்.

"துணி தேய்க்கிறப்ப முழங்கையால மூக்கத் தொடச்சிருப்பீங்க," அம்சவள்ளி மெதுவாகச் சொன்னாள். "திருகு கழண்டிருக்கும். நேத்தே போயிடுச்சும்மா. காலையிலதான் பாத்திருக்கீங்க."

"துணியா? எந்தத் துணி?"

"நீல நூல் போட்ட துணி."

இளவரசி பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

"நேத்து எல்லாரும் ஜாக்கெட் வாங்க பாகூர் போயிட்டாங்க. தலவலின்னு நான் போகல. பின்னாடி கதவத் தொறந்தேன். கொக்கில ஒரு பை மாட்டியிருக்கு. உள்ள வாழ இலையில... சுத்தி முத்தி பாத்தா ஒருத்தரும் இல்ல. அம்மன் சோதிக்கிறான்னு நெனச்சி கதவ மூடிட்டேன். அஞ்சு நிமிஷம் கழிச்சி, அம்மனே குடுத்தனுப்பிட்டாளோன்னு தோணிச்சு."

அம்சவள்ளிக்குச் சிரிப்பை அடக்குவது கடினமாக இருந்தது.

"வெங்காயத்தக்கூட வுடல. கட்டில்ல உக்காந்து தின்னேன், கொழந்த மாதிரி. அப்புறம் பாத்தா பெட்ஷீட்ல மஞ்சளா கறை. குளிக்கிற சோப்பு போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க ரத்தம் மாதிரி செவக்குதும்மா! அம்மன் கோவம்னு நெனச்சி கை காலெல்லாம் ஆடிப்போச்சு."

"ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சா செவக்குதே, அதே சங்கதிதான். சோப்பு பட்டாலும் மஞ்சள் செவக்கும். வெயில்ல போட்டா போயிடும். சுகன்யா போட்டிருக்கா."

"அந்தப் பொண்ணா?" இளவரசி நிமிர்ந்தார். "அதுக்குத் தெரியுமா?"

"எட்டு மணிலேந்து தெரியும்."

இளவரசி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா," என்றார். "நாளைக்கி மருமவ வர்றா. இனிமே வூட்ல பால் பொங்கி வழிஞ்சாகூட நான் மீன் தின்னதாலன்னுதான் சொல்வாங்க. ஆயுசுக்கும்."

"நான் சொல்ல மாட்டேன். மூக்குத்தி கெடைச்ச எடத்த மட்டும் சொல்றேன்." அம்சவள்ளி அதை அவர் கையில் வைத்தாள். "ஆனா பெட்ஷீட்டப் பத்தி கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் கெடையாது."

*

தாழ்வாரத்தில் அதற்குள் கூட்டம் கூடியிருந்தது. மணலில் அவர்களைப் பின்தொடர்ந்து போன கலைச்செல்வன் விரிப்பைக் கண்டெடுத்துக் கொண்டுவந்திருந்தார். புகழேந்தி அதைக் கொடிபோலத் தூக்கிப் பிடித்திருந்தார். சுகன்யா தூணருகே நின்றாள்.

"பாத்தீங்களா? காட்டுல ஒளிச்சி வெச்சிருக்கா! இனிமே இன்னா விசாரணை?"

"மூக்குத்தி கெடைச்சிடுச்சு," என்றாள் அம்சவள்ளி. "நாலாம் நம்பர் பாத்ரூம் ஜல்லடையில. மூஞ்சி கழுவற எடம்."

கலைச்செல்வன் கண்களை மூடிக் கும்பிட்டார். புகழேந்தி ஒரு கணம் தடுமாறி, மறுபடி விரிப்பை உயர்த்தினார்.

"சரி, சந்தோஷம். அப்ப இது? விடுதிச் சொத்து. ஒரு பொருள திருடினவ எல்லாத்தையும் திருடுவா. கலைச்செல்வன், இவ நாளைக்கி இங்க இருக்கக் கூடாது. நான் சொல்லிட்டேன்."

சுகன்யா அம்சவள்ளியைப் பார்த்தாள். அம்சவள்ளி வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது எவ்வளவு வலிக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அந்தப் பெட்ஷீட்ட நான்தான் துவைச்சேன்."

இளவரசி அறை வாசலில் நின்றிருந்தார். மூக்குத்தி மூக்கில் ஏறியிருந்தது.

"நீ எதுக்குக்கா துவைக்கற?"

"சாப்பாடு கொட்டிடுச்சு."

"இன்னா சாப்பாடு?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இளவரசி தம்பியை நேராகப் பார்த்தார்.

"வஞ்சிரம்."

கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்துவிட்டான். புகழேந்தியின் கையிலிருந்து விரிப்பு நழுவியது. "அக்கா! விரதம்! நாளைக்கித் தாலி! இன்னிக்கி வரைக்கும் நான் எப்படி—"

"மூணு வருஷம் அம்மனுக்காக இருந்தேன். நேத்து பத்து நிமிஷம் எனக்காக இருந்துட்டேன். கோவமா இருந்தா மூக்குத்திய திரும்பக் குடுத்திருப்பாளா? அந்தப் பொண்ணு மேல பழி வந்தப்ப வாய மூடிகிட்டு இருந்தேனே, அதுக்குத்தான் அவ கோச்சிக்கணும்."

"இருந்தாலும் அக்கா, நாக்கக் கட்டத் தெரிய வேணாமா? நான் கட்டல?"

அந்த நேரத்தில்தான் கேட்டுக்குள் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹப்சா வாழை இலைப் பொட்டலம் ஒன்றைக் கையில் பிடித்தபடி இறங்கினாள். அங்கே நடந்துகொண்டிருந்த எதையும் அறியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அஞ்சாம் நம்பர் ஐயா யாருங்க?"

எல்லாக் கண்களும் புகழேந்தி மேல் திரும்பின.

"ரோட்டுக்கடை காசம்மா அக்கா ரொம்ப மன்னிப்பு கேட்டாங்க. முந்தாநாள்லேந்து உங்களுக்குப் பின்பக்கக் கதவுல ரகசியமா மாட்டச் சொன்னீங்களாமே. அவங்க வூட்டுக்காரர் நடேசன் முந்தாநாள் சரியாத்தான் மாட்டியிருக்காரு. நேத்து கடல் பக்கமா நின்னுகிட்டு இடது கைலேந்து அஞ்சு எண்ணிட்டாரு. அந்தப் பக்கத்துலேந்து எண்ணினா அஞ்சாவது நாலாம் நம்பரு. ராத்திரி நீங்க போய் 'என் பிளேட் எங்க'ன்னு சண்ட போட்டீங்களாம். இந்தாங்க. சூடா இருக்கு."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு அவன் சித்திமார்கள். பிறகு தாழ்வாரம் முழுவதும். இளவரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தார். "டேய் புகழு! உன் மீனயாடா நான் தின்னேன்?"

புகழேந்தியின் நெற்றித் திருநீற்றில் வியர்வை கோடு போட்டது. பொட்டலத்தை வாங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. தலையைக் குனிந்தபடி சுகன்யாவின் பக்கத்தில் போய் முணுமுணுத்தார்.

"ஏதோ கோவத்துல... தப்பா எடுத்துக்காதம்மா."

"ஐயா," என்றாள் சுகன்யா. குரல் இப்போது நடுங்கவில்லை. "திருடின்னு சொன்னப்ப எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான சொன்னீங்க?"

அவர் நிமிர்ந்தார். சுற்றிலும் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கேட் வரை கேட்கும் குரலில், "இந்தப் பொண்ணு எதையும் எடுக்கல. தப்பு என் மேல," என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே ஏதோ லேசானது போலிருந்தது. பொட்டலத்தை வாங்கி அக்காவிடம் நீட்டினார்.

"நாளைக்கி தாலி ஏறட்டும்," என்றார் இளவரசி. "பத்தரைக்கு மேல கொண்டா." பிறகு சுகன்யாவிடம் போய், அவள் ஈரக்கையைத் தன் மருதாணிக் கையில் எடுத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. சுகன்யா தலையாட்டினாள்.

கூட்டம் கலைந்தது. கலைச்செல்வன் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"சுகன்யா... நான் ஒரு வார்த்தை உனக்காகப் பேசியிருக்கணும். மனசுல வெச்சிக்காத. நாளைக்கி வழக்கம்போல ஏழு மணிக்கி வந்துடுவல்ல?"

"நாளைக்கி முடியாது சார்."

அவர் முகம் வாடியது. "வேலைய வுடறியா?"

"லீவு சார்," என்றாள் சுகன்யா. "மாப்பிள்ள வூட்டு சைடுல கல்யாணத்துக்குப் போறேன்."